கேமரா கேள்வி-பதில்: கட்டாவிட்டால் எது நிற்கும்?

சென்ற மாதம் டிவிஆர் (கேமராப் படத்தைப் பதிந்துவைக்கும் பெட்டி) வாங்குவது பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. கேமரா நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் வருஷா வருஷம் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா? சிலரிடம் சாஃப்ட்வேர் கம்பெனி கேட்கிறது, சிலரிடம் மாட்டிவிட்டுப் போன கடைக்காரர் கேட்கிறார், சிலரிடம் செல்போன் ஆப் நச்சரிக்கிறது. நானும் திருச்சியில் கேமரா மாட்டிப் பிழைக்கிறவன், ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், என்று பணம் வாங்குகிறவன். என் பதிலில் தொழில்வாடை அடித்தால் அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் 22 கேமரா. மூன்று கம்பெனி கேமராக்கள் கலந்து கிடக்கின்றன. முதலாளியின் மகன் கனடா போவதற்கு முன் ஒரு கம்ப்யூட்டரில் ப்ளூ ஐரிஸ் சாஃப்ட்வேர் போட்டு எல்லாவற்றையும் அதில் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது "சப்போர்ட் முடிந்தது, புதுப்பிக்கவும்" என்று வருகிறது, டாலரில் கேட்கிறது. "ஓடிக்கிட்டுத்தானே இருக்குது, எதுக்குங்க கட்டணும்?" என்கிறார் முதலாளி. நாளைக்கு நின்றுபோனால் பேச்சு வாங்கப்போவது நான். என்ன சொல்லட்டுங்க சார்?
— ஓர் அக்கவுன்டன்ட், திருப்பூர்

பதில்: முதலாளி சொல்வதில் பாதி சரி. ப்ளூ ஐரிஸ் ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர். வாங்கும்போது ஒரு வருஷத்துக்கான அப்டேட்டும் சப்போர்ட்டும் சேர்ந்து வரும். அந்த வருஷம் முடிந்தால் சாஃப்ட்வேர் நிற்காது, ரெக்கார்டிங்கும் நிற்காது. அதற்குப் பிறகு வரும் புதுப் பதிப்புகள்தான் உங்களுக்குக் கிடைக்காது. பெரிய நிறுவனங்களில் போடுகிற மைல்ஸ்டோன் எக்ஸ்புரொடெக்ட் என்ற கேமரா சாஃப்ட்வேரிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். லைசென்ஸுக்கு ஒரு விலை, புதுப் பதிப்புக்கு மாறிக்கொள்ளும் உரிமைக்கு 'கேர் பிளஸ்' என்று தனி விலை. அவர்களிடம் 8 கேமரா வரைக்கும் இலவசமாக ஒரு பதிப்பு உண்டு, உங்கள் 22-க்கு அது ஆகாது.

ஆகவே யார் வந்து பணம் கேட்டாலும் முதலில் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: நான் கட்டாவிட்டால் எது நிற்கும்? பதிலை வாயால் வாங்காதீர்கள், மெயிலில் வாங்குங்கள். ரெக்கார்டிங்கே நிற்கும் என்றால் அது வாடகை, கட்டித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். புதுப் பதிப்பு மட்டும் வராது என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது. ஆள் வரமாட்டார் என்றால், அவர் இதுவரை எத்தனை முறை வந்தார் என்று பாருங்கள்.

உங்களுக்கு நிற்கப்போவது புதுப் பதிப்புதான். அது இல்லாமல் இருக்க முடியுமா என்பது அந்தக் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து எட்ட முடிகிறதா என்பதைப் பொறுத்தது. முதலாளியின் மகன் கனடாவிலிருந்து பார்க்கிறாரா? பார்க்கிறார் என்றால் ரூட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசலை, திறந்துவிட்டுப் போயிருக்கலாம். திறந்த போர்ட், பழைய பதிப்பு, இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. 2016-இல் 'மிராய்' என்ற வைரஸ் பரவியது நினைவிருக்கலாம். அந்த வருஷம் அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் தடுமாறின. அந்தத் தாக்குதலுக்குப் படையாகப் போனவை இப்படி இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களும் டிவிஆர்களும் ரூட்டர்களும்தான். தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்டவை. பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அந்த போர்ட்டை மூடச் சொல்லுங்கள். கனடாவில் இருப்பவர் விபிஎன் என்ற பூட்டிய தனி இணைப்பு வழியாகப் பார்க்கட்டும், அவருக்கு அது தெரிந்திருக்கும்.

அடுத்தது விண்டோஸ். அந்தக் கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் 10 ஓடுகிறதா? அதற்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய புராசசர் என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு முறைப்படி மாற முடியாது, கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும். தரை இப்படி இருக்கும்போது மேலே சாஃப்ட்வேரை மட்டும் புதிதாக வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கம்ப்யூட்டரை மாற்றும்போதுதான் உங்களுக்கு உண்மையான தலைவலி வரும். லைசென்ஸைப் பழைய கம்ப்யூட்டரில் விடுவித்து, புதியதில் ஏற்ற வேண்டும். அதற்கு லைசென்ஸ் எண்ணும், வாங்கியபோது கொடுத்த மெயில் முகவரியும் வேண்டும். இரண்டும் யாரிடம் இருக்கும்? முதலாளி மகனின் மெயில் பெட்டியில். இன்றைக்கே கேட்டு வாங்கி, ஒரு தாளில் எழுதி, ஜிஎஸ்டி ஃபைல் இருக்கும் பீரோவில் வையுங்கள்.

திருப்பூர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னலாடை யூனிட்டில் இருக்கும் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் என்ன தெரியும் என்று உங்களுக்கே தெரியும். புராசசர் மேல் இருக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவில் பஞ்சு அடைத்து, ஜமுக்காளம் விரித்த மாதிரி இருக்கும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. 22 கேமரா படத்தைப் பிரித்துப் பார்க்கிற புராசசர் கொதித்து, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் படம் விட்டுவிட்டு வரும், ரெக்கார்டிங்கில் இடையிடையே வினாடிகள் காணாமல் போகும். அப்போது "சாஃப்ட்வேர் பழசாயிருச்சு, அப்கிரேடு பண்ணணும்" என்று யாராவது சொல்வார்கள். ஊதுகுழல் எடுத்து ஊதினால் சரியாகிற நோய்க்கு டாலரில் மருந்து வாங்காதீர்கள். முடிந்தால் அந்தக் கம்ப்யூட்டரை நிட்டிங் பக்கம் வைக்காமல் ஆபீஸ் அறைக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு என் தீர்ப்பு: கம்ப்யூட்டர் மாற்றுகிற வருஷத்தில் கட்டுங்கள். புது விண்டோஸில் பழைய பதிப்பைப் போட்டுவிட்டு, ஏதாவது ஒத்துவராமல் போனால் கேட்பதற்கு ஆள் வேண்டும். அந்த சப்போர்ட் என்பது மெயிலில் ஆங்கிலத்தில் வரும் பதில்தான், அமெரிக்க நேரத்துக்கு வரும். யாரும் ஏணி எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடி, போர்ட்டும் மூடியிருந்தால், அடுத்த வருஷம் கட்டாமல் விட்டுப் பாருங்கள். புது மாடல் கேமரா வாங்கி அது இந்தப் பதிப்பில் சேராமல் போனால் அப்போது மறுபடி யோசிக்கலாம். மிச்சமாகும் காசில் உள்ளூரில் இந்த சாஃப்ட்வேர் தெரிந்த ஒரு பையனைப் பிடித்து வையுங்கள். அவன் வந்து ஒருமுறை கேமரா வாரியாகப் பிளேபேக் பார்த்தால் போதும்.

அப்டேட் போடுவதாக இருந்தால், அதற்கு முன் செட்டிங்குகளை ஒரு ஃபைலாக எடுத்துப் பென்டிரைவில் வையுங்கள். இப்போது ஓடும் பதிப்பின் இன்ஸ்டாலரையும் அதிலேயே வையுங்கள், திரும்பிப்போக வழி வேண்டும். புதுப் பதிப்பு வந்த அன்றே போடாதீர்கள், இரண்டு மூன்று வாரம் ஊரார் போட்டுப் பார்க்கட்டும். ஷிப்மென்ட் வாரத்திலும் தீபாவளி போனஸ் வாரத்திலும் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்டில் 8 ஐபி கேமராவும் ஒரு என்விஆரும் (ஐபி கேமராப் படத்தைப் பதியும் பெட்டி) இருக்கின்றன, ஹைக்விஷன் கம்பெனியுடையவை. ஏஎம்சிக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள்: சர்வீஸ் 9,000, ஃபர்ம்வேர் அப்கிரேடு 4,500, மொபைல் ஆப் ரினியூவல் 1,200, இதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 17,346 ரூபாய். ஜெனரல் பாடியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் என்னைக் கேள்வி கேட்பார்கள். எதை அடிப்பது, எதை விடுவது?
— சங்கச் செயலாளர், மடிப்பாக்கம், சென்னை

பதில்: ஆப் ரினியூவலைக் கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கள். உங்கள் என்விஆரை உங்கள் போனில் பார்க்க ஹைக்விஷன் காசு வாங்குவதில்லை. "இல்லை சார், எங்கள் சர்வர் வழியாகப் போகிறது" என்று கொட்டேஷன் கொடுத்தவர் சொன்னால் விஷயம் இன்னும் மோசம். உங்கள் வாசல் படம் எதற்காக அவர் சர்வருக்குப் போக வேண்டும்?

ஃபர்ம்வேர், அதாவது கேமராவுக்கும் என்விஆருக்கும் உள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர், கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. ஃபர்ம்வேருக்கு விலை கிடையாது, கம்பெனி இணையதளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. ஆனால் அதை ஏற்றுவது வேலை. எட்டு கேமரா, ஒரு என்விஆர் என்றால் ஒழுங்காகச் செய்பவருக்கு அரைநாள் போகும். அந்த 4,500-ஐக் கூலி என்று எழுதியிருந்தால் நான் குறை சொல்லமாட்டேன், பேரம் பேசுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். வருஷா வருஷம் வருமா, ஒரே ஒரு தடவையா என்று கேளுங்கள். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் வெர்ஷன் எண் தெரிகிற திரையைப் போட்டோ எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் ஃபர்ம்வேர் கொட்டேஷனில் மட்டும்தான் ஏறுகிறது.

ஏற்றுவது தேவையா என்றால், உங்கள் கேமரா 2021-க்கு முன் வாங்கியது என்றால் தேவை. அந்த வருஷம் செப்டம்பரில் ஹைக்விஷன் தானே ஒரு பெரிய ஓட்டையை அறிவித்து, அதை அடைக்கும் ஃபர்ம்வேரையும் வெளியிட்டது. பல மாடல்களை, பாஸ்வேர்டு தெரியாமலே நெட்வொர்க் வழியாக ஒருவன் முழுசாகக் கைப்பற்ற முடியும் என்ற அளவுக்கு ஓட்டை. பத்துக்கு 9.8 என்று அபாய மதிப்பெண் போட்டார்கள். அதே வருஷம் தாஹுவா கேமராக்களிலும் பாஸ்வேர்டைத் தாண்டி உள்ளே போகிற ஓட்டை வெளிவந்தது. இந்த மாதிரி அப்டேட்தான் போட வேண்டிய அப்டேட். மெனுவுக்குப் புது நிறம் வருகிறது என்றால் விட்டுவிடலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மாடல் எண் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். விலை மலிவாகக் கிடைத்தது என்று பில் இல்லாமல் வந்த சீனச் சந்தைக் கேமராவில் பொதுவான ஃபர்ம்வேரை ஏற்றினால் சிலது அப்படியே செத்துப்போகும். ஏற்றும் நடுவில் கரன்ட் போனாலும் அதே கதை. யுபிஎஸ் பேட்டரி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். கெட்டுப்போனால் பொறுப்பு யாருடையது என்பதையும் கொட்டேஷனில் எழுத வையுங்கள்.

9,000 சர்வீஸ்? அதில் பொருளும் சேர்த்தியா, கூலி மட்டுமா? கூலி மட்டும் என்றால் ஹார்ட் டிஸ்க், சுவிட்ச், அடாப்டர் எது போனாலும் தனிப் பணம். கண்காணிப்புக்கென்று வருகிற ஹார்ட் டிஸ்குகளுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷ வாரன்டி உண்டு, உங்கள் பில்லைத் தேடிப் பாருங்கள். கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் வருவார், என்விஆரைக் கழற்றிக்கொண்டு போனால் மாற்று ஒன்று வைப்பாரா, இந்த இரண்டுக்கும்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கண்ணாடியைத் துடைப்பதும் அதில் இருக்கட்டும். இரவில் படம் வெள்ளைப் புகையாகத் தெரிகிறது என்று வரும் அழைப்புகளில் முக்கால்வாசி சிலந்திவலைதான். கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். எந்தச் சாஃப்ட்வேரும் அதைத் துடைக்காது.

ஜெனரல் பாடியில் "ஒரு மாச ரெக்கார்டிங் இருக்கா?" என்று ஒருவர் நிச்சயம் எழுந்து நிற்பார். அவருக்காக ஒரு கணக்கு. ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. எட்டுக் கேமராவுக்கு 173 ஜிபி. 2 டிபி டிஸ்கில் பதினோரு நாள் நிற்கும், ஒரு மாதத்துக்கு 6 டிபி வேண்டும். இதே கேமராக்கள் எச்.264 என்ற பழைய சுருக்கு முறையில் 4 மெகாபிட் எழுதிக்கொண்டிருந்தால் பதினோரு நாள் ஐந்தாகிவிடும். எச்.265 என்ற புது முறைக்கு மாற்றி, பிட்ரேட்டை (வினாடிக்கு எழுதும் அளவை) குறைத்துப் பாருங்கள். முகமும் வண்டி நம்பரும் தெளிவாகத் தெரிகிற அளவில் நிறுத்துங்கள். மெனுவில் இரண்டு தட்டு தட்டினால் கிடைக்கிற அப்கிரேடு இது. இதற்கு யாரும் கொட்டேஷன் கொடுக்கமாட்டார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு வேலை. என்விஆரின் அட்மின் பாஸ்வேர்டு சங்கத்திடம் இருக்கிறதா? ஆப்பில் அது யாருடைய அக்கவுன்டில் சேர்ந்திருக்கிறது? மாட்டியவர் தன் போனில் சேர்த்துவிட்டு உங்களுக்கு 'ஷேர்' கொடுத்திருந்தால், உங்கள் குடியிருப்பின் சொந்தக்காரர் அவர், நீங்கள் விருந்தாளி. அவர் தன் அக்கவுன்டிலிருந்து நீக்கி, சங்கத்தின் மெயில் முகவரியில் சேர்த்துக் கொடுக்கட்டும். தயங்கினால் ஏஎம்சியை வேறு ஆளுக்குக் கொடுங்கள்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கிறார். வீட்டில் இரண்டு வைஃபை கேமரா மாட்டியிருக்கிறேன், மெமரி கார்டு போட்டது. ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் கிளவுட் பிளான் வாங்கு வாங்கு என்கிறது. வாங்கினால் அம்மாவுக்குக் கூடுதல் பாதுகாப்பா அண்ணா?
— ஒரு மகள், சிங்கப்பூர்

பதில்: உனக்கு எது தேவை என்பதை முதலில் பிரித்துப் பாரம்மா. அம்மா எழுந்து காபி போட்டாரா என்று காலையில் பார்ப்பதற்கு கிளவுட் வேண்டாம், நேரடிப் படம் சும்மாவே வரும். நேற்று மத்தியானம் யார் வந்தார்கள் என்று பார்ப்பதற்கும் வேண்டாம், மெமரி கார்டு போதும். அந்தக் கார்டு 'ஹை எண்டியூரன்ஸ்' வகையா என்று மட்டும் பார். போனுக்குப் போடுகிற சாதாரணக் கார்டு ராத்திரி பகலாக எழுதி எழுதிச் சீக்கிரம் தேய்ந்துபோகும், போனது தெரியவும் தெரியாது. ஊருக்குப் போகும்போது ஒருமுறை பழைய ரெக்கார்டிங்கை ஓடவிட்டுப் பார்.

திருடன் கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனால் கார்டும் சேர்ந்து போய்விடும். கிளவுட் என்றால் படம் கம்பெனி சர்வரில் இருக்கும், அது பயன்படுவது அங்கேதான். ஆகவே வாசல் கேமரா ஒன்றுக்கு மட்டும் பிளான் வாங்கினால் அர்த்தம் உண்டு. அதுவும் மாதக் கட்டணமாக வாங்கு, ஆண்டுக் கணக்கில் மொத்தமாகக் கட்டாதே. கம்பெனி மனம் மாறினால் உன் காசு மாட்டிக்கொள்ளும். கூகுளே 2024 ஏப்ரல் 8 அன்று பழைய டிராப்கேம் கேமராக்களை நிறுத்தியது. கேமரா சுவரில் நன்றாகத்தான் இருந்தது, பேசுவதற்கு சர்வர் இல்லை.

உள்ளே இருக்கும் கேமராவின் படத்தை கிளவுடில் வைக்காதே என்பேன். 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியில் ஒரு கோளாறு. ஏறக்குறைய 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுப் படம் அவர்கள் ஆப்பில் வந்து நின்றது. அது கூடத்துப் படமா, படுக்கையறைப் படமா என்பது அந்தந்த வீட்டுக்காரர் மாட்டிய இடத்தைப் பொறுத்தது.

அப்புறம், உள்ளே இருக்கும் கேமரா எந்த நேரமும் ஓடுவது அம்மாவுக்குத் தெரியுமா? தெரியும் என்றால், அவருக்கு வேண்டாத நேரத்தில் அணைத்துவைக்க அவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடு. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை சிங்கப்பூர் பார்க்க வேண்டாம்.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நான்கு கேமரா. முகத்தை அடையாளம் காணும் ஏஐ சாஃப்ட்வேர் போட்டால் பழைய கஸ்டமர் யார், புதுசு யார் என்று சொல்லுமாம். 35,000 கேட்கிறார். போடலாமா?
— மணப்பாறை

பதில்: உங்கள் கடைக்கு வருபவர்களில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதே உங்களுக்கு மனப்பாடமாக இருக்குமே. 35,000-க்குச் சரக்கு எடுங்கள்.

கேள்வி: அடகுக் கடை நடத்துகிறேன் அண்ணாச்சி. ஒரு விஷயத்துக்காகப் போலீஸ் ஃபுட்டேஜ் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் தேதி 2000-ஆம் வருஷம் ஜனவரி என்று இருக்கிறது. டிவிஆர் பழசு, சாஃப்ட்வேர் அப்கிரேடு செய்தால்தான் தேதி நிற்கும் என்கிறார் மெக்கானிக்.
— நாகர்கோவில்

பதில்: டிவிஆருக்குள் போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று பெரும்பாலும் எழுதியிருக்கும், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை கரன்ட் போய் வரும்போதும் தேதி பிறந்தநாளுக்குப் போய்விடும். சில மாடலில் சொருகியிருக்கும், சிலதில் சால்டர் செய்திருக்கும். சால்டர் செய்தது என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள், கூலி கொடுங்கள். பிறகு நெட்வொர்க் மெனுவில் என்டிபி என்று இருப்பதை ஆன் செய்து, இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நெட் இருக்கும்வரை நேரம் தானாகச் சரியாகிக்கொள்ளும்.

இது சின்ன விஷயம் இல்லை அண்ணாச்சி. கேமராப் பதிவைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் வேண்டும். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65பி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 63-ஆம் பிரிவு. அதில் கையெழுத்துப் போடுகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். தேதி தப்பாக ஓடும் டிவிஆருக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டுக் குறுக்கு விசாரணைக்கு நிற்பது சங்கடம். இப்போது இருக்கும் ஃபுட்டேஜை அழியவிடாமல் பென்டிரைவில் எடுங்கள். டிவிஆர் காட்டும் நேரத்தையும் உங்கள் போன் காட்டும் நேரத்தையும் ஒரே போட்டோவில் விழும்படி எடுத்து, போலீஸிடம் அந்த வித்தியாசத்தை எழுதியே கொடுங்கள். அதற்குப் பிறகு பேட்டரியை மாற்றலாம், அதற்கு முன்பு வேண்டாம்.

கேள்வி: ஃப்ரிகேட் என்ற ஓப்பன் சோர்ஸ் கேமரா சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கும்போது ஏன் காசு கொடுத்து எதையாவது வாங்கச் சொல்கிறீர்கள்? அப்பாவின் பட்டாசு குடோனுக்கு நானே போட்டுத் தரலாம் என்று இருக்கிறேன்.
— பொறியியல் மாணவர், சிவகாசி

பதில்: நல்ல சாஃப்ட்வேர், தாராளமாகப் போடுங்கள். இலை ஆடுவதற்கும் ஆள் நடப்பதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதில் காசு கொடுத்து வாங்கும் பலவற்றைவிட மேல். கேமரா ஆர்டிஎஸ்பி (வேறு சாஃப்ட்வேருக்குப் படம் அனுப்பும் முறை) கொடுக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். பேட்டரியில் ஓடும் வைஃபை கேமராக்கள் பெரும்பாலும் கொடுக்காது.

என் சந்தேகம் வேறு. படிப்பு முடிந்து நீங்கள் பெங்களூரு போன பிறகு, ராத்திரி பத்து மணிக்கு "தம்பி, கேமரா வரலைப்பா" என்று அப்பா போன் செய்வார். லினக்ஸ் திரையை அவர் வாட்ஸ்அப் வீடியோவில் காட்டக் காட்ட நீங்கள் கட்டளை சொல்ல வேண்டும். இலவச சாஃப்ட்வேரில் சப்போர்ட் என்பது நீங்கள்தான். குடோனுக்கு ஒரு சாதாரண என்விஆரும் பக்கத்திலேயே ஓடட்டும். அது ரெக்கார்டு செய்யட்டும், ஃப்ரிகேட் எச்சரிக்கை கொடுக்கட்டும். ஒன்று படுத்தால் இன்னொன்று இருக்கும், அப்பாவும் தூங்குவார்.

கேள்வி: 2025 ஏப்ரலுக்குப் பிறகு அரசாங்க முத்திரை இல்லாத கேமரா எல்லாம் செல்லாது, சாஃப்ட்வேர் அப்கிரேடு செய்தால் செல்லும், கேமராவுக்கு 800 ரூபாய் என்று ஒருவர் வந்து சொல்கிறார். நிஜமா?
— பள்ளித் தாளாளர், ஓசூர்

பதில்: பாதி நிஜத்தை வைத்து முழுப் பொய்யை விற்கிறார். 2025 ஏப்ரல் 9 முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்பது உண்மை. மத்திய மின்னணு அமைச்சகத்தின் உத்தரவு அது. அந்த அமைச்சகத்தின் கீழ் இருக்கும் எஸ்டிக்யூசி என்ற அமைப்பின் ஆய்வகங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் அது கேமராவைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர் ஆகியோருக்கு. உங்கள் பள்ளிச் சுவரில் ஏற்கெனவே தொங்கும் கேமராவைக் கழற்றச் சொல்லி அதில் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் சாஃப்ட்வேர் ஏற்றி ஒரு கேமராவுக்கு அந்தச் சான்றிதழை வாங்கித் தரவும் முடியாது. மாடலைத் தயாரிப்பவர்தான் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

இனிமேல் புதுக் கேமரா வாங்கும்போது மட்டும், அந்த மாடல் எண்ணுக்குச் சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். 800 ரூபாய்க்காரர் திரும்ப வந்தால் ஜிஎஸ்டி எண்ணோடு லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், வரமாட்டார். அவர் ஏற்கெனவே ஏதாவது கேமராவைத் தொட்டிருந்தால் அட்மின் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.